வயசுப் பிள்ளைகள் அறைக்குத் தரை: காசை முதலில் அடியில் போடுங்கள்

பழைய வீடு. கீழே 13 வயது மகளுக்கு ஒரு சிமென்ட் தரை அறை, மாடியில் 16 வயது மகனுக்கு மரப்பலகைத் தரை போட்ட அறை. இரண்டிலும் கிடந்த நைந்துபோன கார்ப்பெட்டைச் சுருட்டி வெளியே போட்டாயிற்று. கையில் காசு அளவாகத்தான் இருக்கிறது, பிள்ளைகள் படுத்தும் பாட்டையும் தரை தாங்க வேண்டும், என்ன போடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே, ஓதம் (தரைக்கு அடியிலிருந்து ஏறும் ஈரம்) இல்லை என்று உறுதியானால், கிளிக் வகை வினைல் பலகை, அதாவது ஓரங்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் பலகை. மாடியில், இருக்கிற மரப்பலகையையே பழுதுபார்த்துப் பெயின்ட் அடித்துவிட்டு, அதன் மேல் கார்ப்பெட் டைலோ கனமான விரிப்போ. ஆனால் கடைக்குப் போகுமுன் கையில் இருக்கும் தொகையில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துத் தனியாக வையுங்கள். அது கண்ணுக்குத் தெரியாத அடித்தரைக்கு. பழைய வீட்டில் புதுத் தரை கெட்டுப்போவது பெரும்பாலும் மேலிருந்து இல்லை, கீழிருந்துதான்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தள அறையில் லாமினேட் போட்டேன். சிமென்ட் தரை, கையை வைத்துப் பார்த்தால் காய்ந்துதான் இருந்தது. மூன்றாவது மாதம், வெளிச்சுவரை ஒட்டிய இரண்டு வரிசைகளில் பலகைகளின் இணைப்பு மெல்ல உதடு பிதுக்க ஆரம்பித்தது. விரலால் தடவினால் ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு சின்ன மேடு. ஒரு பலகையைக் கழற்றிப் பார்த்தேன். அடியில் விரித்திருந்த ஃபோம் ஈரம், பலகையின் ஓரம் தண்ணீரில் ஊறிய அட்டை மாதிரி உப்பியிருந்தது. லாமினேட் மேலே பார்க்கத்தான் மரம். அது ஒரு அச்சுப்படம். நடுவில் இருப்பது மர நாரை அழுத்திச் செய்த ஹெச்டிஎஃப் பலகை. ஒருமுறை தண்ணீர் குடித்து உப்பிவிட்டால், காய்ந்த பிறகும் பழைய அளவுக்குத் திரும்பாது. அறை முழுக்கப் பெயர்க்க வேண்டியதாயிற்று.

அன்றைக்கு ஒரு பிளாஸ்டிக் தாளும் டேப்பும் அந்தச் செலவைத் தடுத்திருக்கும். சுமார் அரை மீட்டர் சதுரத்துக்குத் தடிமனான, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் தாளை வெறும் சிமென்ட் தரையில் விரித்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாதபடி டேப் ஒட்டுங்கள். குறைந்தது 16 மணி நேரம், முடிந்தால் ஒரு முழு நாள், அப்படியே விட்டுவிடுங்கள். பிரிக்கும்போது தாளின் அடியில் நீர் பூத்திருந்தாலோ, அந்த இடத்தில் மட்டும் தரை கறுத்திருந்தாலோ கீழிருந்து ஈரம் ஏறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வெளிச்சுவரை ஒட்டி ஒன்று, அறை நடுவில் ஒன்று, குளியலறையோடு சேர்ந்த சுவர் இருந்தால் அதன் அடியில் ஒன்று. கோடையில் காய்ந்து கிடக்கும் தரை மழைக்காலத்தில் வேறு கதை சொல்லும், அதனால் ஈரமான பருவத்தில் பார்ப்பது நல்லது. பழைய வீடுகளில் பெரும்பாலும் ஈரத்தடுப்புத் தாளே இல்லாமல் மண்ணின் மேல் நேராகக் கான்கிரீட் போட்டிருப்பார்கள். சந்தேகப்பட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

ஓதம் தெரிந்தால் முதலில் வெளியே போய்ப் பாருங்கள். வெளி மண்மட்டம் உள்தரையைவிட உயரமாக இருக்கிறதா, மழைநீர்க் குழாய் சுவரடியில் கொட்டுகிறதா, எங்காவது குழாய் கசிகிறதா. பாதி ஓதம் அங்கேயே தீர்ந்துவிடும். அதைத் தீர்க்காமல் வினைலைப் போட்டு மூடினால் வினைலுக்கு ஒன்றும் ஆகாது. அடியில் சிக்கிய ஈரம் ஓரம் தேடிப் போய்ச் சுவரில் ஏறும், சுவரடியை ஒட்டி அடிக்கும் ஸ்கர்டிங் பலகைக்குப் பின்னால் பூஞ்சை பிடிக்கும், அறையில் ஒரு புழுங்கல் வாடை நிரந்தரமாகத் தங்கும். பெட்டியில் ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று போட்டிருப்பது அந்தப் பலகையைப் பற்றி. உங்கள் அறையைப் பற்றி அல்ல. என்ன செய்தும் ஓதம் நிற்கவில்லை என்றால் வேறு யோசனையே வேண்டாம், டைல்ஸ் போட்டுவிடுங்கள். காலுக்குச் சில்லென்று இருக்கும், கண்ணாடிப் பொருள் விழுந்தால் பிழைக்காது, ஆனால் ஈரத்துக்கு அழியாது.

அடுத்தது சமதளம். இரண்டு மீட்டர் நீளத்தில் வளையாத அலுமினியச் சட்டம் ஒன்றைத் தரையில் வைத்து, பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சட்டத்துக்கு அடியில் வெளிச்சம் கசிகிற இடம் பள்ளம், சட்டம் ஊஞ்சலாடுகிற இடம் மேடு. கிளிக் வகைத் தரைகளுக்குப் பெரும்பாலான கம்பெனிகள் கேட்பது, 2 மீட்டருக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல் ஏற்றத்தாழ்வு கூடாது என்பதுதான். அதற்கு மேல் இருந்தால் நடக்கும்போதெல்லாம் பலகை வளைந்து நிமிரும், ஒருநாள் அதன் பூட்டு உடையும். பள்ளத்துக்கு ப்ரைமர் அடித்து தானாகப் பரவிச் சமமாகும் செல்ஃப் லெவலிங் கலவை ஊற்றலாம், மேட்டைத் தேய்க்கலாம். இதில் நிறையப் பேர் குழப்பிக்கொள்கிற ஒன்று: சாய்வு வேறு, மேடுபள்ளம் வேறு. பழைய வீட்டில் கோலிக்குண்டை உருட்டிவிட்டால் ஒரு மூலைக்கு ஓடத்தான் செய்யும். அந்தச் சாய்வு ஒரே சீராக இருந்தால் விட்டுவிடுங்கள். ரசமட்டத்தைப் பார்த்துப் பார்த்து அறை முழுக்கக் கலவை ஊற்றிப் பணத்தைக் கரைக்க வேண்டாம்.

தேய்ப்பதைப் பற்றிச் சொன்னதால் ஒரு எச்சரிக்கை. கார்ப்பெட்டுக்கு அடியில் பழைய, கெட்டியான வினைல் டைல்கள், அதிலும் 9 அங்குலச் சதுரத்தில், தார் மாதிரி கறுப்புப் பசையோடு ஒட்டியவை தென்பட்டால் அங்கேயே நிறுத்துங்கள். 1980-களுக்கு முன் போட்ட அந்த மாதிரி டைல்களிலும் பசையிலும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். உடைக்காமல், தேய்க்காமல் இருக்கும்வரை அதனால் பெரிய ஆபத்து இல்லை. தூளாக்கிச் சுவாசித்தால்தான் வினை. நல்ல நிலையில் ஒட்டிக்கொண்டிருந்தால் அதன் மேலேயே புதுத் தரையைப் போட்டு மூடிவிடலாம். எடுத்தே ஆகவேண்டும் என்றால் ஒரு சில்லை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்துவிட்டு, அதற்குரிய ஆட்களிடம் விடுங்கள். மாடிப் பலகையில் பழைய பெயின்ட் இருந்தால் அதே ஜாக்கிரதை. பழைய பெயின்டுகளில் ஈயம் இருக்கலாம். சோதனை செய்யாமல் மெஷின் போட்டுத் தேய்க்காதீர்கள்.

மாடி அறைக்கு வருவோம். மரப்பலகைத் தரை கிடைத்தவர்கள் அதன் மேல் எதையாவது போட்டு மூடத்தான் துடிக்கிறார்கள், ஏனென்று எனக்குப் புரிவதே இல்லை. உங்களிடம் ஏற்கெனவே ஒரு தரை இருக்கிறது! முதலில் வெறுங்காலோடு அறை முழுக்க நடந்து, கிரீச்சிடும் இடத்திலெல்லாம் சாக்பீஸால் ஒரு குறி போடுங்கள். சத்தம் வருவதற்குக் காரணம் பெரும்பாலும் ஆணி தளர்ந்து பலகை குறுக்குச்சட்டத்தின் மேல் ஏறி இறங்குவது. அங்கே மறுபடி ஆணி அடிக்காதீர்கள். திருகாணி போட்டுச் சட்டத்தோடு இறுக்குங்கள். ஆணி திரும்பவும் எழும்பும், திருகாணி எழும்பாது. நீளத்தை மட்டும் கவனியுங்கள்: பலகைக்கு அடியில் மின்வயரோ தண்ணீர்க் குழாயோ ஓடியிருக்கலாம். இரண்டு பலகைகள் ஒன்றோடொன்று உரசிக் கத்தினால் இடுக்கில் கொஞ்சம் டால்கம் பவுடரைத் தூவி மிதித்தால் பல நேரம் அடங்கிவிடும். ஒரு ஸ்க்ரூடிரைவர் நுனியால் சுவரோரப் பலகைகளை அழுத்திப் பாருங்கள். பஞ்சு மாதிரி உள்ளே போனால் கரையானோ உளுத்தலோ இருக்கிறது, அந்தத் துண்டை மாற்றியாக வேண்டும். அகலமான இடுக்குகளில் பட்டி பூசாதீர்கள். மரம் பருவத்துக்குப் பருவம் சுருங்கி விரியும், பட்டி பொடிந்து உதிரும். மெல்லிய மரச்சீவலைப் பசை தடவி இறுக்கி, மேலே இழைத்துவிட்டால் நிற்கும்.

பிறகு ப்ரைமர், தரைக்கென்றே விற்கும் பெயின்ட் இரண்டு கை. சுவர் பெயின்ட் மிச்சமிருக்கிறது என்று அதை அடித்துவிடாதீர்கள், நாற்காலி நகர்ந்த முதல் வாரமே உரிந்துவிடும். தரைப் பெயின்ட் சில மணி நேரத்தில் காய்ந்தது போலத் தெரியும். உண்மையில் இறுகுவதற்கு ஒரு வாரமாவது பிடிக்கும். அதுவரை கட்டிலை இழுக்காமல் இருந்தால் புண்ணியம். கீறல் விழுமா? விழும். ஒரு டப்பா பெயின்டை மூடி வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு ஒருமுறை தொட்டுவிடலாம். பழைய மரத்தில் கீறல் அசிங்கமாகவும் தெரியாது.

பெயின்ட் செய்யாத ஒரே வேலை, சத்தத்தைக் குறைப்பது. மாடியில் 16 வயதுப் பையன், கீழே யாராவது தூங்க வேண்டும். காலடி ஓசை மரச்சட்டம் வழியாகக் கீழே இறங்கும். மேலே மெத்தென்ற பரப்பு இருந்தால்தான் குறையும். கிளிக் பலகைகளோடு ஒட்டி வரும் ஒன்றரை மில்லிமீட்டர் ஃபோமை நம்பி ஏமாறாதீர்கள். இதற்குத்தான் கார்ப்பெட் டைல். பொதுவாக 50 சென்டிமீட்டர் சதுரத் துண்டுகளாக வரும். ஓரங்களிலும் நடுவில் சில இடங்களிலும் இருபுற டேப் போட்டு விரிக்கலாம், நாலைந்து துண்டுகளைக் கூடுதலாக எடுத்து வைத்துக்கொள்ளலாம். கறுப்பு மை கொட்டினால் அந்த ஒரு துண்டைக் கழற்றிக் கழுவலாம், போகவில்லையா, மாற்றிவிடலாம். சுவரிலிருந்து சுவர் வரை ஒரே துண்டாகப் போடும் கார்ப்பெட்டுக்கும் இதற்கும் இதுதான் வித்தியாசம்: ஒரு கறை அறையையே கெடுப்பதில்லை. நிறம் வாங்கும்போது நூலிலேயே சாயம் கலந்து நூற்றதா என்று கேளுங்கள். அந்த வகை எளிதில் வெளுக்காது. வீட்டில் யாருக்காவது தூசி ஒவ்வாமை, வீசிங் இருந்தால் இந்தப் பத்தியை மறந்துவிட்டு, துவைக்க முடிகிற விரிப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இப்போது கீழ் அறை. இங்கே பொருளை யோசிக்குமுன் பிள்ளைகள் தரையை என்ன செய்கிறார்கள் என்று யோசிக்க வேண்டும். ஈரத் துண்டு இரவு முழுக்கத் தரையில் கிடக்கும். தலைமுடியை நேராக்கும் கருவியைச் சூடு ஆறாமல் கீழே வைப்பார்கள். அது 200 டிகிரிக்கு மேலும் போகும், வினைலில் ஒரு நிமிஷம் கிடந்தால் தழும்புதான். நெயில் பாலிஷைத் துடைக்கும் திரவத்தில் பெரும்பாலும் அசிட்டோன் இருக்கும். அது வினைலின் மேல்பூச்சையே கரைக்கும். முடிச்சாயம், பளு தூக்கும் டம்பெல், மேஜை நாற்காலியின் சக்கரம். டம்பெல் கைதவறி விழாதவரை, இத்தனையையும் தாங்கும் ஒரே தரை டைல்ஸ். ஆனால் பழைய தரையைக் கொத்தி எடுத்து டைல் போடும் கூலியும் தூசியும் உங்கள் பட்ஜெட்டுக்கு ஒத்துவராது என்று நினைக்கிறேன். பழைய தரை உறுதியாக இருந்தால் கொத்தாமல் அதன் மேலேயே பசை வைத்து ஒட்டலாம். அப்போதும் ஒட்டுபவர் கைத்திறமைக்குத்தான் காசு. மாடி மரத்தரைக்கு மட்டும் டைல் யோசனை வேண்டவே வேண்டாம். எடையும் அதிகம், மரத்தின் அசைவில் இணைப்புகள் விரிசல் விடும்.

அதனால்தான் கிளிக் வினைல் என்கிறேன், குறிப்பாக எஸ்பிசி என்று விற்பது. சுண்ணாம்புக்கல் பொடியும் பிவிசியும் கலந்த கெட்டியான நடுப்பகுதி, 4 முதல் 6 மில்லிமீட்டர் தடிமன். தண்ணீர் பட்டால் ஊறாது. வாங்கும்போது மொத்தத் தடிமனைப் பார்த்து மயங்காதீர்கள். கேட்க வேண்டியது மேல்தேய்மானப் படலம் எவ்வளவு என்று. அந்தக் கண்ணாடி மாதிரி மேல்படலம்தான் கீறலைத் தாங்குகிறது. படுக்கையறைக்கு 0.3 மில்லிமீட்டர் போதும், இந்த வயதுப் பிள்ளைகளுக்கு 0.5 இருந்தால் நிம்மதி. 0.1, 0.2 என்றால் விலை எவ்வளவு இறங்கினாலும் திரும்பிவிடுங்கள். அடியில் ஃபோம் ஒட்டியே வருகிற பலகைக்குக் கீழே இன்னொரு ஃபோமை விரிக்காதீர்கள். மெத்தென்று இருக்கட்டுமே என்று செய்வார்கள். மிதி பட்டுப் பட்டுப் பூட்டு முறியும்.

இன்னும் மலிவாக வேண்டுமென்றால் சுருளாக வரும் ஷீட் வினைல். 3 மீட்டர், 4 மீட்டர் அகலத்தில் கிடைப்பதால் சராசரிப் படுக்கையறைக்கு இணைப்பே இல்லாமல் ஒரே துண்டாகப் போட்டுவிடலாம். குறை என்னவென்றால் அடித்தரையில் ஒரு மணல் துகள் இருந்தாலும் சில மாதத்தில் மேலே புள்ளியாகத் தெரியும், கட்டில் கால் பதிந்த குழி அப்படியே நிற்கும், ஒரு இடம் கிழிந்தால் ஒட்டுப்போடத்தான் வேண்டும். வாடகை வீடென்றால் இதையே சொல்லியிருப்பேன். தோலை உரித்து ஒட்டுகிற டைல் விலையில் ஆசை காட்டும். பழைய சிமென்ட் தரை எப்போதும் கொஞ்சம் பொடி விட்டுக்கொண்டேயிருக்கும், அதில் ஓரங்கள் சீக்கிரம் எழும்பிவிடும். லாமினேட் கீறலுக்கு வினைலைவிடக் கெட்டி, சூட்டையும் நன்றாகத் தாங்கும். பிளாஸ்டிக் தாள் சோதனையில் உங்கள் அறை காய்ந்ததென்று தெரிந்து, ஈரத் துண்டு பழக்கமும் இல்லையென்றால் போடலாம். தேய்மானத்தை எவ்வளவு தாங்கும் என்று காட்டும் ஏசி தரம் 3 அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஈரத் துண்டு நிபந்தனையில்தான் எனக்கு நம்பிக்கை குறைவு. அசல் மரம், பிளைவுட் மாதிரி அடுக்கின் மேல் மெல்லிய அசல் மரம் ஒட்டிய எஞ்சினியர்டு மரம், கார்க் எல்லாம் அழகுதான். பிள்ளைகள் படித்து வெளியூர் போன பிறகு போட்டுக்கொள்ளலாம்.

நாற்காலி விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த வயது அறையில் தரை முதலில் தேய்வது மேஜைக்கு முன்னால் ஒரு சதுர மீட்டரில்தான். கடையில் வரும் நாற்காலிச் சக்கரங்கள் பெரும்பாலும் கெட்டியான நைலான், அவை கார்ப்பெட்டுக்கானவை. கெட்டித் தரைக்கு ரப்பர் போல மெத்தென்ற பாலியூரித்தேன் சக்கரம் வேண்டும். ஐந்து சக்கரத்தையும் கையால் இழுத்துக் கழற்றி மாற்றிவிடலாம், தரையை மாற்றுவதோடு ஒப்பிட்டால் செலவே இல்லை. நாற்காலிக்கு அடியில் பாய் போடுவதென்றால் பாலிகார்பனேட்டில் போடுங்கள். ரப்பர் அடிப்பாகம் உள்ள மிதியடி, விரிப்பு எதையும் வினைல் மேல் போடக்கூடாது. ரப்பரில் இருக்கும் ரசாயனம் வினைலோடு சேர்ந்து மஞ்சள் கறை பிடிக்கும். அது மேலே படிந்த அழுக்கு இல்லை, எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது.

அளவுக்கு ஒரு கணக்கு. அறை 3.6 மீட்டருக்கு 3 மீட்டர் என்றால் 10.8 சதுர மீட்டர். வெட்டுச் சேதாரம் 10 சதவீதம் சேர்த்தால் கிட்டத்தட்ட 11.9. ஒரு பெட்டியில் 2.2 சதுர மீட்டர் இருந்தால் ஆறு பெட்டி வாங்க வேண்டிவரும், ஒரு சதுர மீட்டருக்கு மேல் மிஞ்சும். அதைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். இரண்டு வருஷம் கழித்து அதே நிறம், அதே பூட்டு கடையில் இருக்காது. கட்டிலுக்கு அடியில் படுக்கவைத்து வையுங்கள், சுவரில் சாய்த்து வைத்தால் வளைந்துவிடும்.

போடும் வேலையை ஒரு சனி, ஞாயிறில் நீங்களே செய்யலாம். பெட்டிகளை 48 மணி நேரம் அந்த அறையிலேயே கிடக்கவிடுங்கள். சுவரைச் சுற்றி, வினைலுக்குச் சுமார் 6 மில்லிமீட்டர், லாமினேட்டுக்கு 10 மில்லிமீட்டர் இடைவெளி. பலகைத் துண்டை ஆப்பாக வைத்துக்கொண்டால் போதும், பிறகு ஸ்கர்டிங் மூடிவிடும். பழைய வீட்டில் எந்தச் சுவரும் நேராக இருக்காது, அதனால் முதல் வரிசையைச் சுவரை நம்பிப் போடாமல் நூல் பிடித்துப் போடுங்கள். அலமாரியைத் தரைப் பலகையோடு திருகாணி போட்டு இறுக்கக்கூடாது. அடித்தரையில் ஒட்டாமல் மிதக்கும் இந்தத் தரை விரிய இடமில்லாமல் நடுவில் புடைக்கும். கதவு இடிக்குமா என்பதை முதல் நாளே பாருங்கள்: ஒரு பலகைத் துண்டைக் கதவுக்கு அடியில் வைத்துப் பென்சிலால் கோடிழுத்தால் எவ்வளவு இழைக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். புதுத் தரையின் வாடை போக இரண்டு மூன்று நாள் ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு அப்புறம் கட்டிலைப் போடுங்கள்.

நிறத்தைப் பிள்ளைகளிடமே விட்டுவிடலாம். மகள் கறுப்பு மரம் மாதிரி வேண்டும் என்று நிற்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். கறுப்பில் தூசியும் உதிர்ந்த முடியும் பகலில் பளிச்சென்று தெரியும், ஆனால் பெருக்கப்போவது அவள்தானே. மூன்று மாதிரித் துண்டுகளை வாங்கி வந்து ஒரு வாரம் அவள் மேஜைக்கு அடியில் போடுங்கள். ஒன்றில் அசிட்டோன் ஒரு சொட்டு விடச் சொல்லுங்கள், ஒன்றின் மேல் சாவியால் கீறச் சொல்லுங்கள், ஒன்றில் ஈரத் துண்டை இரவு முழுக்கப் போட்டுவைக்கச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் வரிசையாக வைத்துப் பார்த்தால், எதை வாங்குவது என்று என்னைவிட அவளே சரியாகச் சொல்லிவிடுவாள்.